காற்று, நீர், வண்டு, கொள்ளுப்பாட்டி

சென்ற மாதத்தில் ஒரு மாலை, என் மகள் தன் தமிழ்ப் பள்ளியிலிருந்து ஒரு பயிற்சித் தாளைக் கொண்டுவந்து என் மேசைமீது குப்புற வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குப்புற வைக்கப்பட்ட தாளின் பொருள் இன்னதென்று பெற்றோர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. புரட்டிப் பார்த்தேன். விஞ்ஞானப் பாடம். இரண்டு இடங்களில் சிவப்பு மையால் பெருக்கற்குறி இடப்பட்டிருந்தது.

மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் நான்கு காரணிகளைக் குறிப்பிடுக என்பது முதல் வினா. அவள் எழுதியிருந்த விடை: காற்று, நீர், வண்டு, கொள்ளுப்பாட்டி. செடிகொடிகளில் நிகழும் சில மாறுதல்களைக் கொடுத்து, அவற்றைப் பௌதிக மாறுதல் என்றும் இரசாயன மாறுதல் என்றும் இரு பத்திகளாகப் பிரிக்கச் சொல்லியது மற்றொரு வினா. அதில் ‘பழம் நசுங்குதல்’ என்பதை அவள் இரண்டு பத்திகளிலும் எழுதி வைத்திருந்தாள்.

முதலில் எனக்குச் சிரிப்பே வந்தது. பிறகு, ஆசிரியை செய்தது சரிதான் என்று தோன்றிற்று. வினாவுக்கு விடை எழுதுவதா, வீட்டுக் கதை எழுதுவதா? மகளைக் கூப்பிட்டுக் கண்டிக்க வாய் திறந்தேன். அப்பொழுது அடுக்களை வாயிலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்த என் பாட்டி, “என்னய்யா சிரிக்கிறே? எங்களுக்கும் சொல்லேன்” என்றார். படித்துக் காட்டினேன்.

“சரி, இதிலே தப்பு எங்கே இருக்கு?” என்று கேட்டார் பாட்டி.

நான் விளக்கத் தொடங்கினேன். மகரந்தம் என்பது இன்னது, காரணி என்பது இன்னது என்று ஆங்கிலப் பள்ளியில் நான் கற்றவற்றை யெல்லாம் தமிழில் ஆக்கிச் சொன்னேன். எண்பது வயதைத் தாண்டிய அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “வண்டு செய்யிற வேலையைத்தானே ஐயா நாங்க செஞ்சோம்? வண்டு வந்த பிறகுதானே எங்களை நிறுத்தினாங்க?”

என் வாய் அடைத்துப் போயிற்று. பதினைந்து ஆண்டுகளாகச் செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கிறேன். குலைகளின் எடை, உதிரிப் பழத்தின் மூட்டைக் கணக்கு, உரத்தின் இருப்பு எல்லாம் என் விரல் நுனியில் இருக்கின்றன. ஆனால் அந்தக் குலை காய்த்ததற்கு ஒரு காலத்தில் என் பாட்டியின் கை காரணமாயிருந்தது என்பதைக் கதையாகக் கேட்டிருந்தேனே தவிர, பாடமாக எண்ணியதில்லை. நான் படித்த தாவர நூலில் படமாகப் போட்டிருந்த பூ, நம் நாட்டில் பூக்காத ஏதோ ஒரு சீமைப் பூ. அதன் உறுப்புகளை யெல்லாம் பிழையின்றி எழுதித் தேர்ச்சி பெற்ற நான், வேலைக்குப் போகும் வழி நெடுகிலும் நிற்கும் மரம் எப்படிப் பூக்கிறதென்று நின்று பார்த்தது வெகு காலங் கழித்துத்தான்.

பூ என்பது செடி பூண்ட அணிகலன் அன்று. அதன் பிள்ளைப்பேற்று அறை. ஆண் தாது பெண் பூவின் சூல்முடியில் படிந்து, அங்கிருந்து நுண்ணிய குழாயொன்றை உள்ளே செலுத்திச் சூலைச் சேர்ந்தாலன்றி விதையில்லை. பெரும்பாலும் காயும் இல்லை. (பாட்டியின் மடியிலிருந்த வாழைப்பூ இதற்கு விலக்கு. நாம் உண்ணும் வாழை தாதின்றியே காய்ப்பது; ஆகவேதான் அதில் கொட்டை இல்லை. பாட்டி ஒவ்வொரு மடலிலிருந்தும் பிடுங்கி எறிந்துகொண்டிருந்த அந்த ‘நரம்பு’ இருக்கிறதே, குண்டுத் தலையோடு தீக்குச்சி போல, அதுதான் சூல்முடியுங் காம்பும். ஒரு வேலையும் இல்லாமல் தலைநிமிர்ந்து நிற்கும் உத்தியோகஸ்தரைப் போன்றது அது.)

செம்பனையில் ஆண் குலையும் பெண் குலையும் ஒரே மரத்தில்தான் தோன்றுகின்றன. ஆனால் ஒரே காலத்தில் அல்ல. சில மாதங்கள் ஆண் பூவாகவே விடும்; பிறகு சில மாதங்கள் பெண் பூவாகவே விடும். ஆகவே ஒரு மரத்தின் பெண் பூ மற்றொரு மரத்தின் தாதை எதிர்பார்த்தே நிற்கவேண்டும். இளமரங்களிலோ பெண் பூக்களே மிகுதி, தாதுக்குப் பஞ்சம். பெண் பூ தாதை ஏற்கும் பருவமும் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் நீடிப்பதில்லை. அதற்குள் தாது வந்து சேராவிடில், குலை காயின்றி அழுகும். அல்லது விதையற்ற சிறு பிஞ்சுகளோடு நின்றுவிடும்.

ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியே இம்மரத்தின் தாயகம். 1848இல் நான்கு கன்றுகள் ஜாவாத் தீவின் போகோர் தோட்டத்தில் நடப்பட்டன. 1917இல் சிலாங்கூரில், தென்னமரம் என்று நம் தமிழ்ப் பெயரையே தாங்கிய தோட்டத்தில், மலாயாவின் முதல் வணிகப் பயிராக அது நடப்பட்டது. மரம் கடல் கடந்து வந்தது. ஆனால் அதன் பூவை நாடி வாழ்ந்த வண்டு அங்கேயே தங்கிவிட்டது. விதையைக் கப்பலேற்றியவர்கள் பூச்சியைப் பற்றி எண்ணவில்லை. ஏனெனில் செம்பனைக்குக் காற்றே தாது சுமக்கிறதென்று நூல்கள் சொல்லின. நூல் சொன்னதைத் துரை சொன்னார்; துரை சொன்னதைக் கிராணி சொன்னார்; கிராணி சொன்னதை மண்டோர் சொன்னார். வேதவாக்கென்று ஏட்டைப் பிடித்துத் தொங்குகிறவர்களை நாம் வாரந்தோறும் இடித்துரைக்கிறோம். அந்தப் பழக்கம் கோயிலோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

காற்று செய்யவேண்டிய வேலையைக் காற்று சரிவரச் செய்யவில்லை என்று கண்டபோது, அந்த வேலை பெண்களின் கைக்கு வந்தது. பாட்டி அதைச் செய்தது 1970களில், பிறைப் பகுதியின் தென்கோடியிலிருந்த ஒரு தோட்டத்தில். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

விடியுமுன் பெரட்டு. பெயர் கொடுத்த பின், மலர்ந்திருக்கும் ஆண் குலைகளை வெட்டி வந்து தாளின்மேல் உதறுவார்கள். மஞ்சள் மாவு கொட்டும். அதைச் சலித்து, உலர்த்தி, முகத்துக்குப் பூசும் மாவைப் போன்ற டால்க்குத் தூளோடு கலப்பார்கள். தாது கொஞ்சம், தூள் பல மடங்கு. அந்தக் கலவையைப் பிதுக்கினால் புகையாய்ப் பீறும் குழாய்வைத்த புட்டியில் அடைத்துக்கொண்டு, மரத்துக்கு மரம் போகவேண்டும். பெண் பூவை மூடியிருக்கும் நார்ப்பாளையைக் கொக்கியால் கிழித்து விலக்கி, உள்ளே தூளை ஊதவேண்டும். மட்டையின் அடி முழுவதும் முள். பாளைக்குள் பூரானும் உண்டு, மரத்தடியில் நாகமும் உண்டு. மூன்று நாளைக்கு ஒருமுறை அதே நிரைக்குத் திரும்பி வரவேண்டும். சூல்முடி வெண்ணெய் நிறமாயிருந்தால் ஊதலாம். சிவந்து கருகத் தொடங்கிவிட்டால் ஊதிப் பயனில்லை. “பூவோட நிறத்தைப் பார்த்தே சொல்லிடுவோம், இன்னைக்கா நாளைக்கான்னு” என்றார் பாட்டி.

அந்த மணத்தைப் பற்றியும் சொன்னார். மலர்ந்த ஆண் குலையில் சோம்பு மணம் வீசும். இது பாட்டியின் கற்பனையன்று; எஸ்டிராகோல் என்னும் பொருள் அம்மணத்தைத் தருகிறது. சோம்பிலும் அதே பொருள் உண்டு. வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் சேலையில் சோம்பு மணந்ததென்றும், என் தந்தையார் கைக்குழந்தையாயிருந்தபோது ஆயாக்கொட்டகையில் அந்த மணத்தைக் கொண்டே தாயை அடையாளங் கண்டு அழுகையை நிறுத்துவாரென்றும் பாட்டி கூறினார்.

மணமிருக்கும் இடத்தில் பூச்சி இருக்கும் என்பது அடுக்களையில் நிற்கும் எவருக்கும் தெரியும். பழைய மரங்களில், தாங்கள் ஊதாத பூக்களிலும் ஓரளவு காய் பிடித்ததையும், அப்பூக்களில் எள்ளினும் சிறிய பூச்சிகள் ஊர்ந்ததையும் அப்பெண்கள் கண்டிருக்கிறார்கள். மண்டோரிடம் சொல்லியும் இருக்கிறார்கள். “காத்துதான் செய்யுதுன்னு துரை சொல்லிட்டாரு, நீ ஊது” என்பதே அவர்களுக்குக் கிடைத்த விடை. இன்று அந்தப் பூச்சிக்குப் பெயர் உண்டு. இலைப்பேன் இனத்தைச் சேர்ந்தது. மலேசியாவில் வண்டு வருமுன் செம்பனைக்கு ஏதோ தன்னாலியன்ற அளவு தாது சுமந்தது அதுவேயென்று பின்னர் ஆராய்ந்து கண்டார்கள்.

அவ்வாறு ஆராய்ந்தவர் ரஹ்மான் சையத் என்னும் பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர். அவரைத் தேடிப் பிடித்தவர் லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்டத் துரை. டேவிட்சன் 1950களில் மலாயாவிலும் பிறகு ஆப்பிரிக்காவின் கேமரூனிலும் வேலை பார்த்தவர். கேமரூனில் பூக்களில் கூட்டங் கூட்டமாய் வண்டு மொய்ப்பதையும், அங்கே கையால் ஊதாமலே குலை நிறையக் காய்ப்பதையும் கண்டு ஐயங்கொண்டார். காற்றென்பது முடிந்த முடிவாயிருந்தமையால் அவர் பேச்சு அந்நாளில் எடுபடவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, நிறுவனத்தின் உயர்பதவிக்கு வந்த பின்னரே, 1977இல் சையதை வேலைக்கு அமர்த்த அவரால் இயன்றது. சையத் செய்த சோதனை மிக எளியது: காற்றுப் புகும், பூச்சி புகாத உறைகளால் பெண் பூக்களை மூடினார். காற்று புகுந்தது, காய் பிடிக்கவில்லை. அத்தனை ஆண்டு நூல்வாக்கு ஒரு துணியுறையில் அடங்கிப் போயிற்று.

கேமரூனில் கண்ட பல வண்டினங்களில் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தார். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள கரும்பழுப்பு நிற மூக்குவண்டு அது. வேறு பயிர்களைத் தின்னுமா என்று முதலில் சோதித்து, தின்னாதென்று தெளிந்து, 1980இல் இந்நாட்டுக்குக் கொண்டுவந்து தனியே அடைத்துவைத்துப் பார்த்து, 1981 பெப்ரவரியில் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் பறக்கவிட்டார்கள். ஆண் பூவின் வாடிய மலர்களிலேயே முட்டையிட்டு, அவற்றையே தின்று வளர்ந்து, இரண்டு வாரத்தில் அடுத்த தலைமுறை வெளிவந்துவிடும். ஓரிரு ஆண்டுகளில் நாடெங்கும் பரவிவிட்டது. ஏறக்குறையப் பாதி அளவிலிருந்த காய்ப்பிடிப்பு முக்கால் பங்கை நெருங்கிற்று. புட்டிகள் பண்டசாலைக்குப் போயின.

இவ்வண்டைப் பெண் பூ எவ்வாறு வரவழைக்கிறது என்பது கேட்கத் தக்க கதை. ஆண் பூவில் வண்டுக்கு உணவும் உண்டு, குடியிருப்பும் உண்டு. பெண் பூவில் ஒன்றுமில்லை. ஆனால் அதே சோம்பு மணத்தைப் பெண் பூவும் சற்றே வீசுகிறது. வண்டு நம்பி வருகிறது. உள்ளே நுழைந்து தேடுகிறது. முதுகில் ஒட்டிய தாதை உதிர்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறது. மரத்தில் காசு காய்க்கும் சீமையென்று சொல்லி நம் முன்னோரைக் கப்பலேற்றிய கங்காணிமார், இந்தப் பூவினிடம் பாடங் கேட்டிருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பாட்டி பேசி முடித்த மறுநாள், ஆபீசின் பழைய அலமாரியைத் திறந்தேன். பாட்டி வேலைபார்த்ததும் நான் இப்போது வேலைபார்ப்பதும் ஒரே தோட்டம்தான். செல்லரித்த செக்ரோல் புத்தகங்கள் சில மிஞ்சியிருந்தன. வெளிக்காட்டு வேலையின் கீழ், பால்வெட்டு, புல்வெட்டு, உரம் என்று வரும் வரிசையில் பூ ஊதுதலுக்குத் தனியாக ஒரு பத்தி. பெண்களின் பெயர்கள் அதிலேதான் நிறைய. 1982ஆம் ஆண்டின் புத்தகத்தில் அந்தப் பத்தியே இல்லை. கோடு போட்டு அடிக்கவுமில்லை, குறிப்பெழுதவுமில்லை. அடுத்த ஆண்டுப் புத்தகத்தை எவரோ புதிதாய்க் கோடிட்டபோது, விட்டுவிட்டார், அவ்வளவே.

பாட்டியின் எண்ணைத் தேடினேன். 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தொடர்ந்து மூன்று நாட்கள் அரைநாள் என்று குறிக்கப்பட்டிருந்தது. காரணம் எழுதும் இடத்தில் ‘வேலையை முடிக்க மறுத்தது’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. என்னைப் போன்ற ஒரு கிராணியின் கையெழுத்து, அழகாகவே எழுதியிருந்தார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். பாட்டிக்கு உடனே நினைவு வந்துவிட்டது. “மழை ஐயா. மழையிலே தூள் கட்டிகட்டியாப் போயிடும், பூவிலே பிடிக்காது. ஊதினா தூளும் வீண், பூவும் வீண். வெயில் வந்ததும் ஊதுறோம்னு சொன்னேன். சொன்னதுக்குத்தான் அரைநாள்.” சற்று நிறுத்தி, “மத்தவங்க ஊதினாங்க. அந்த நிரையிலே அஞ்சாறு மாசங் கழிச்சுப் பாரு, குலையெல்லாம் சொத்தை. அதை யாரும் எழுதி வெக்கல” என்றார்.

அந்த வேலை போனதில் வருத்தமா என்றும் கேட்டேன். முள்ளும் பாம்பும் போனதில் என்ன வருத்தம் என்றார். கூலி போனது கஷ்டந்தான், மூன்று பிள்ளைகள், பிறகு உதிரிப் பழம் பொறுக்கப் போனாராம். ஆனால் வண்டை விட்ட நாளில் எவரும் வந்து, அம்மா, நீங்கள் சொன்னது சரிதான், பூச்சிதான் செய்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொல்லும்போதுதான் பாட்டியின் குரல் சற்றுக் கனத்தது.

உலகத்தில் இப்படி நேர்ந்தது பாட்டி ஒருவருக்கு மட்டுமன்று. ரெயூனியன் தீவில், நம் தமிழர்களும் ஒப்பந்தக் கூலிகளாகப் போய்ச் சேர்ந்த அந்தக் கரும்புத் தீவில், வனிலாக் கொடி வளர்ந்தும் காய்க்காமல் நின்றது. அதன் வண்டும் தாயகமாகிய மெக்சிக்கோவில் தங்கிவிட்டது. 1841இல் எட்மண்ட் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது நீக்ரோ அடிமைச் சிறுவன், ஒரு குச்சியாலும் கட்டைவிரலாலும் அப்பூவின் உள்மடலை விலக்கித் தாதைச் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றும் உலகில் வனிலா பெரும்பாலும் அந்த முறையால்தான் காய்க்கிறது. அச்சிறுவன் கண்டதைத் தான் கற்பித்ததென்று ஒரு தாவர சாஸ்திரி உரிமை கொண்டாடினார். அல்பியுஸ் 1848இல் விடுதலை பெற்று, 1880இல் வறுமையில் மாண்டார். அவருடைய எசமானர் ஒருவரே அவருக்காகக் கடிதமெழுதிச் சான்று கூறியதால், பெயராவது நிலைத்தது. செக்ரோலில் எண்ணாக நின்றவர்களுக்கு அந்தச் சான்றும் இல்லை.

இனி, இரண்டாவது பெருக்கற்குறிக்கு வருவோம்.

உருவமும் நிலையும் மாறிப் பொருள் மாறாதிருந்தால் பௌதிக மாறுதல். பொருளே வேறாகிவிட்டால் இரசாயன மாறுதல். பனிக்கட்டி உருகுவது முன்னது. விறகு எரிவது பின்னது. பாத்திரத்தில் வைத்த பனிக்கட்டிக்கு இப்பிரிவினை கச்சிதமாய்ப் பொருந்தும். உயிருள்ள செடியிலே அவ்வளவு கச்சிதமாய்ப் பொருந்துவதில்லை. பாட்டியின் கலவையைப் பாருங்கள். தாதும் தூளும் கலந்தது பௌதிக மாறுதலே; சலித்தால் பிரிக்கலாம். அதே தாது சூல்முடியில் பட்டுக் குழாய் விடத் தொடங்கியவுடன், எந்தச் சல்லடையாலும் அதைத் திரும்பப் பெறமுடியாது.

பழம் நசுங்குவதைப் பற்றிக் கிராணிக்குச் சொல்லித்தர வேண்டுமா? குலை மரத்திலிருந்து விழும்போதும், லாரியில் ஏற்றும்போதும் நசுங்குகிறது. பார்ப்பதற்கு அது வெறும் காயம், பௌதிக மாறுதல். ஆனால் செம்பனைப் பழத்தின் சதையில் எண்ணெய் ஓரிடத்திலும், அதைச் சிதைக்கும் லைபேஸ் என்னும் நொதி வேறிடத்திலும் பிரிந்து கிடக்கின்றன. இடையிலுள்ள மெல்லிய சுவர் நசுங்கி உடைந்த கணத்தில் இரண்டும் கலக்கின்றன. எண்ணெய் சிதைந்து கொழுப்பு அமிலம் தனியே பிரிகிறது. இது இரசாயன மாறுதல். அந்த அமிலம் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் எண்ணெயின் தரம் போயிற்று. வாங்குபவர் முகஞ் சுளிப்பார். ஆகையால்தான் வெட்டிய குலையை ஒரு நாளைக்குள் ஆலைக்கு அனுப்பவேண்டுமென்று நாங்கள் பறக்கிறோம். அங்கே 130 பாகைக்கு மேற்பட்ட நீராவியில் முதலில் அவிப்பதும் அந்த நொதியைக் கொல்லுவதற்கே. நசுங்குதலை ஒரு பத்தியில் எழுதி, அமிலத்தை அடுத்த பத்தியில் எழுதலாம். ஆனால் பழத்துக்குள் அவை ஒரே நிகழ்ச்சியின் தலையும் வாலும். என் மகள் இதை எங்கே கற்றாள்? நான் தொலைபேசியில் லாரிக்காரரோடு சண்டை போடுவதைக் கேட்டுக் கற்றிருக்கிறாள்.

அடுக்களையிலும் இதே பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆய்ந்த வாழைப்பூவைப் பாட்டி நறுக்கி நறுக்கி மோர்கலந்த தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். நறுக்குவது பௌதிகம், நறுக்கிய வாயில் காற்றுப் பட்டுக் கறுப்பது இரசாயனம், மோரின் புளிப்பு அதைத் தடுப்பது அதனினும் நுட்பமான இரசாயனம். மரத்திலிருந்து பழம் உதிர்வதையும் விழுவதுதானே என்று பௌதிகத்தில் சேர்த்துவிடுகிறோம். ஆனால் காம்பின் ஒட்டை நொதிகள் கரைத்துவிட்ட பிறகே பழம் உதிர்கிறது. ஆசிரியையின் மீது எனக்குக் குறை ஒன்றுமில்லை. நாற்பது தாள்களைத் திருத்தும் ஒருவர் அச்சிட்ட விடைத்தாளோடு ஒத்துப்பார்க்கத்தான் செய்வார். விடைத்தாளை அச்சிட்டவர்கள் செம்பனைக் காட்டில் ஒரு நாள் நின்றிருந்தால் நன்றாயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டி தண்ணீர்மலைக்குப் போகவேண்டுமென்றார். கோயில் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் உடன்பாடில்லை என்பதை வீடே அறியும். ஆயினும் எண்பது வயதுத் தாயை ஒற்றையாய் அனுப்பும் சீர்திருத்தம் எனக்குத் தெரியாது. மலைமேலுள்ள கோயிலுக்கு 513 படிகள். அவற்றை ஏற இயலாமையால் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டு, அருகேயுள்ள தாவரப் பூங்காவுக்கு நடந்தோம். 1884இல் உண்டாக்கப்பட்ட பூங்கா அது. நாகலிங்க மரங்கள் அங்கே பெயர் பெற்றவை. அடிமரத்திலிருந்தே கயிறுகயிறாய்த் தொங்கும் கொம்புகளில் செந்நிறப் பூக்கள் மலர்ந்து, பீரங்கிக் குண்டு போன்ற காய்களும் தொங்கிக்கொண்டிருந்தன.

பாட்டி கீழே விழுந்திருந்த பூ ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு நா துடித்தது. இம்மரம் தென் அமெரிக்காவின் கயானா நாட்டுக் காடுகளைச் சேர்ந்தது. 1775இல் ஒரு பிரெஞ்சு அறிஞர் இதற்குத் தாவரப் பெயரிட்டார். பிற்காலத்தில்தான் நம் கோயில்களுக்கு வந்தது. இலங்கையில் பௌத்தர்கள் இதையே புத்தர் பிறந்த சால மரமென்று வணங்குகிறார்கள். உண்மையான சாலம் வேறு மரம். ஆகவே இதில் லிங்கமும் இல்லை, நாகமும் இல்லை என்று ஒரே மூச்சில் பிரசங்கம் செய்தேன். வழியில் நின்றுபோன ஒரு சீனக் குடும்பம் என்னை ஏதோ வழிகாட்டி என்று எண்ணிற்று.

பாட்டி கோபிக்கவில்லை. “அப்போ இது என்னன்னு சொல்லு” என்று, படம் போல் வளைந்த மடலைத் தொட்டுக் காட்டினார்.

அதற்கு விடை எனக்குத் தெரியும். பூவின் நடுவே, லிங்கமென்று நாம் காணும் சூலகத்தைச் சுற்றி வட்டமாய் நிற்கும் தாள்களில் உள்ளதே விதையுண்டாக்கும் தாது. எதிரே படமெடுத்து நிற்கும் பகுதியிலும் தாது உண்டு. ஆனால் அது முளைக்காது. வண்டுக்குத் தீனி மட்டுமே. இப்பூவில் தேன் கிடையாது. தீனித் தாதைத் தேடிப் பெரிய வண்டு படத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே புகுகிறது. அது தின்றுகொண்டிருக்கையில் வட்டத்தின் நல்ல தாது அதன் முதுகில் அப்பிக்கொள்கிறது. அடுத்த பூவின் சூல்முடி அதைத் துடைத்து வாங்கிக்கொள்கிறது. முழுவதும் சொன்னேன். பாட்டி பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்படின்னா இந்தப் படம் கூலி கொடுக்கிற இடம்” என்றார்.

இத்தனை நூல் படித்தும் எனக்கு அந்தச் சொல் தோன்றவில்லை.

மகள் இதற்குள் பாதையில் விழுந்து வெடித்திருந்த காயொன்றைக் கண்டுபிடித்து, குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள். உள்ளே வெண்மையாயிருந்த சதை, காற்றுப்பட்ட இடங்களிலெல்லாம் நீலம் பாரித்திருந்தது. நாற்றமோ சொல்லி முடியாது. “விழுந்து உடைஞ்சது பௌதிகம், நீலமானது இரசாயனம், இதையும் ரெண்டு பக்கமும் எழுதணுமா அப்பா?” என்று கேட்டாள். பாட்டி மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு, எங்கே வேண்டுமானாலும் எழுது, முதலில் அதைத் தூரப் போடு என்றார்.

அந்த வேளையில் ஒரு கருவண்டு ரீங்காரத்தோடு வந்து, மரத்தில் மலர்ந்திருந்த பூவொன்றின் படத்துக்கடியில் புகுந்தது. மூவரும் கிட்டே போய்ப் பார்த்தோம். வெளியே வந்தபோது அதன் முதுகு மஞ்சளாயிருந்தது. இளைப்பாறவில்லை, அடுத்த பூவுக்குப் பறந்தது, அங்கிருந்து அதற்கடுத்த பூவுக்கு. பாட்டி இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து, கொடிமலைப் பக்கம் மேகம் கறுத்திருப்பதைப் பார்த்தார்.

“மழைக்கு முந்தி இந்த நிரையை முடிச்சிடணும்னு அதுக்கு அவசரம்” என்றார்.